ஒரு ட்ரம்பெற், பல நடைகள்: லெஸ்டர் போவியின் 'மாபெரும் பாசாங்குக்காரன்'



இலக்கிய நிகழ்ச்சியொன்றிலே அமெரிக்க ஜாஸ் இசைத்தட்டு ஒன்றைப் பற்றி ஏன் பேசவேண்டும் என்று உங்களிற் சிலர் நினைக்கக்கூடும். இலக்கியத்திலே நாம் அடிக்கடி விவாதிக்கும் இரண்டு விஷயங்கள் இந்த இசைத்தட்டிலே தெளிவாகக் கேட்கின்றன என்பதுதான் எனது பதில். ஒன்று நடை. மற்றது மரபு. ஓர் எழுத்தாளர் பல நடைகளிலே எழுதினால், "இவருடைய சொந்தக் குரல் எது?" என்று கேட்கிறோம். பழைய வடிவமொன்றை எடுத்துக் கேலியாகக் கையாண்டால், "இவர் மரபை மதிக்கிறாரா, அவமதிக்கிறாரா?" என்று கேட்கிறோம். இதே கேள்விகள் அமெரிக்க ஜாஸ் கலைஞர்களிடையேயும் எழுந்தன. மிகவும் காரசாரமாகவே எழுந்தன.

நான் எடுத்துக்கொள்வது லெஸ்டர் போவி என்ற ட்ரம்பெற் கலைஞர் 1981ஆம் ஆண்டு நியூயோர்க்கில் ஒலிப்பதிவு செய்த 'த கிரேட் பிரிட்டெண்டர்' என்ற இசைத்தட்டை. 'மாபெரும் பாசாங்குக்காரன்' என்று அதனைத் தமிழாக்கலாம். ஜேர்மனியின் மியூனிக் நகரைத் தளமாகக் கொண்ட ஈ.சி.எம். நிறுவனத்தின் வெளியீடு. தயாரிப்பாளர் மன்ஃப்ரெட் ஐஹர். ஏறத்தாழ நாற்பது நிமிடங்களில் ஆறு உருப்படிகள். 1950களின் காதற் பாட்டு ஒன்று, சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் முகப்புப் பாட்டு ஒன்று, பழைய வானொலிப் பாடகி ஒருவரின் பாட்டு ஒன்று, லத்தீன் அமெரிக்க நடனத் தாளத்தில் அமைந்தது ஒன்று, மென்மையான மெதுநடை ஒன்று, ஈற்றிலே தாளக் கட்டுக்குள் அடங்காத ஒலிக்கோலம் ஒன்று. இத்தனையும் ஒரே தட்டிலே இருப்பதால் இதனைக் கதம்பம் என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொல்வது தவறு என்பது எனது கருத்து. ஏன் தவறு என்பதை விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

யார் இந்த லெஸ்டர் போவி?

லெஸ்டர் போவி 1941ஆம் ஆண்டு ஒக்டோபர் 11ஆம் திகதி மேரிலாந்து மாநிலத்தின் ஃபிரெடரிக் என்ற ஊரிலே பிறந்தவர். மிசூரி மாநிலத்தின் சென் லூயிஸ் நகரிலே வளர்ந்தவர். தந்தையாரும் ட்ரம்பெற் வாசித்தவர். பாடசாலை வாத்தியக் குழுக்களைப் பயிற்றுவித்த ஆசிரியர். மகன் ஐந்து வயதிலேயே வாத்தியத்தைக் கையில் எடுத்துவிட்டார். தெருவால் லூயி ஆம்ஸ்ட்ரோங் போனால் கேட்கட்டும் என்று சிறுவன் ஜன்னலோரத்தில் நின்று சாதகம் பண்ணுவான் என்றொரு கதையும் உண்டு.

இளமையில் அவருக்குச் சோறு போட்டது ஜாஸ் என்று சொல்ல முடியாது. புளூஸ் பாடகர்களான அல்பேர்ட் கிங், லிட்டில் மில்ட்டன் போன்றோருக்குப் பின்னால் நின்று வாசித்தார். றிதம் அண்ட் புளூஸ் எனப்படும் கறுப்பின ஜனரஞ்சக இசைக் குழுக்களோடு ஊர் ஊராகச் சுற்றினார். ஃபொன்டெல்லா பாஸ் என்ற பாடகியின் இசை நெறியாளராக இருந்தார். அவரையே மணம் முடித்தார். இந்தப் பாடகியின் 'ரெஸ்கியூ மீ' என்ற பாட்டு 1965இல் அமெரிக்கா முழுவதும் ஒலித்தது. இன்றும் பழைய பாடல் நிகழ்ச்சிகளில் அதைக் கேட்கலாம்.

பின்னர் சிக்காகோவுக்குச் சென்ற போவி, முஹால் ரிச்சர்ட் ஏப்ரம்ஸ் முதலியோர் 1965இல் தொடங்கியிருந்த படைப்பிசைக் கலைஞர்களின் சங்கத்திலே சேர்ந்தார். களியாட்ட விடுதிக்காரரையும் இசைத்தட்டு வியாபாரிகளையும் எதிர்பார்த்து நிற்காமல், கறுப்பினக் கலைஞர்கள் தாங்களே கச்சேரிகளை ஒழுங்கு செய்து, தாங்கள் ஆக்கிய இசையை வாசிக்கவேண்டும் என்பது அச்சங்கத்தின் கொள்கை. இதிலிருந்து உருவானதுதான் 'ஆர்ட் ஒன்சாம்பிள் ஒஃப் சிக்காகோ' என்ற குழு. 1969இல் இக்குழுவினர் பாரிஸ் சென்றார்கள். ஐரோப்பாவிலே அவர்களுக்குப் பெரும் வரவேற்புக் கிடைத்தது.

அக்குழுவின் மேடைத் தோற்றத்தை ஒருமுறை படத்திலே பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஜோசஃப் ஜார்மன், மலக்கை ஃபேவர்ஸ், டொன் மோய் ஆகிய மூவரும் முகத்தில் வர்ணம் பூசி, ஆபிரிக்க உடையில் நிற்பார்கள். றொஸ்கோ மிச்சல் சாதாரண உடையில் நிற்பார். போவி மட்டும் ஆய்வுகூட விஞ்ஞானி அணியும் நீண்ட வெள்ளை மேலங்கியோடு நிற்பார். மேடை ஒரு ஆய்வுகூடம். நான் இங்கே பரிசோதனை செய்கிறேன் என்பது அதன் பொருள். அதேவேளை அதிலே ஒரு பகிடியும் இருக்கிறது. இந்த இரண்டும் அவரிடம் பிரிக்க முடியாதவை.

"பழமையிலிருந்து எதிர்காலம் வரை, மகத்தான கறுப்பிசை" என்ற பொருள்படும் வாசகம் அக்குழுவின் தாரக மந்திரம். ஜாஸ் என்ற சொல்லை அவர்கள் முதன்மைப்படுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். தேவாலயப் பாட்டு, புளூஸ், நடன இசை, ஆபிரிக்கத் தாளம் எல்லாம் ஒரே குடும்பம் என்பது அவர்களது நிலைப்பாடு. போவி இதனை வாழ்ந்தும் காட்டினார். ஜமெய்க்காவிலே சிலகாலம் தங்கினார். 1977இல் நைஜீரியாவுக்குச் சென்று ஃபெலா குட்டியோடு தங்கி, அவரது 'நோ அக்ரீமென்ட்' என்ற இசைத்தட்டிலும் வாசித்தார்.

இலாச்சிகளும் குடும்பமும்

இங்கே ஒரு சரித்திர விஷயத்தைச் சொல்லவேண்டும். இசையை வகை வகையாகப் பிரித்து வைப்பது இயல்பான காரியம்போல எங்களுக்குத் தோன்றுகிறது. ஆனால் அமெரிக்காவிலே இந்தப் பிரிவுகளிற் பல வியாபாரத்தாலும் இனப் பாகுபாட்டாலும் வந்தவை. 1920களிலே கறுப்பின மக்களுக்கு விற்பதற்காக வெளியிடப்பட்ட தட்டுகளை 'இன இசைத்தட்டுகள்' என்றே கம்பனிகள் அழைத்தன. அதற்குள்ளே புளூஸும் இருந்தது, தேவாலயப் பாட்டும் இருந்தது, ஜாஸும் இருந்தது. 'பில்போர்ட்' என்ற இசை வர்த்தகச் சஞ்சிகை தனது பட்டியலின் பெயரை 'றிதம் அண்ட் புளூஸ்' என்று மாற்றியது 1949இலேதான். ஆக, ஒரு கலைஞன் எந்த இலாச்சிக்குள் இருக்கவேண்டும் என்பதைப் பல தடவைகளில் அந்தக் கலைஞனைக் கேளாமல் மற்றவர்களே தீர்மானித்தார்கள்.

பின்னாளிலே இன்னொரு வகைப் பிரிவு வந்தது. பரீட்சார்த்த ஜாஸ் என்பது கனதியானது. வானொலியிலே ஒலிக்கும் காதற் பாட்டு இலேசானது. முன்னையதை வாசிப்பவர் பின்னையதைத் தொடக்கூடாது. தொட்டால் தரம் குறைந்துவிடும். எங்களுடைய இலக்கிய உலகிலும் 'தரமான எழுத்து', 'ஜனரஞ்சக எழுத்து' என்று கோடு கீறிப் பழகியவர்களுக்கு இந்த மனோபாவம் புதிதாக இராது.

இந்த இசைத்தட்டிலே போவி தெரிந்தெடுத்த கலைஞர்களைப் பார்த்தாலே அவர் அந்தக் கோட்டை மதிக்கவில்லை என்பது விளங்கும். பரிட்டோன் சக்சஃபோன் வாசிக்கும் ஹமியெட் புளூயெட், 1976இல் தோன்றிய உலக சக்சஃபோன் நால்வர் குழுவின் ஸ்தாபகர்களில் ஒருவர். சார்ள்ஸ் மிங்கஸின் குழுவிலும் இருந்தவர். ட்ரம்ஸ் வாசிக்கும் ஃபிலிப் வில்சன், போல் பட்டர்ஃபீல்டின் புளூஸ் குழுவோடு 1969இல் வூட்ஸ்டொக் விழா மேடையில் ஏறியவர். பியானோவும் ஓர்கனும் டொனல்ட் ஸ்மித். பேஸ் ஃபிரெட் வில்லியம்ஸ். பின்னணிக் குரல் கொடுப்பவர்கள் ஃபொன்டெல்லா பாஸும் அவரது சகோதரர் டேவிட் பீஸ்டனும். இவர்களது தாயார் மார்தா பாஸ், கொஸ்பல் எனப்படும் தேவாலய இசையிலே பெயர்பெற்ற பாடகி. 'குடும்பம்' என்று நான் மேலே உவமையாகச் சொன்னேன். இந்தத் தட்டிலே அது உவமையாக மட்டும் இல்லை. உண்மையிலேயே குடும்பத்தவர்கள் இருக்கிறார்கள்.

தலைப்புப் பாட்டு

இனி இசைக்கு வருவோம். முதலாவது உருப்படி 'த கிரேட் பிரிட்டெண்டர்'. பக் ராம் எழுதிய இப்பாட்டை 'த பிளாட்டர்ஸ்' என்ற கறுப்பினக் குழுவினர் 1955இல் பாடி வெளியிட்டனர். 1956இல் அமெரிக்கப் பொதுப் பட்டியலிலே அது முதலிடத்துக்கு வந்தது. பிற்காலத்தில், 1987இல், ஃபிரெடி மேர்க்குரியும் இதைப் பாடினார். காதலை இழந்தவன் ஒருவன், எனக்கு ஒன்றும் நடக்கவில்லை, நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று உலகத்துக்கு நடிக்கிறான். நடிப்பதையும் அவனே ஒப்புக்கொள்கிறான். இதுதான் பாட்டின் பொருள்.

பிளாட்டர்ஸ் பாடியது மூன்று நிமிடத்துக்கும் குறைவு. போவி அதைப் பதினாறு நிமிடங்களுக்கு மேல் நீட்டுகிறார். மெட்டு முதலில் ஏறக்குறைய உள்ளபடியே வருகிறது. பின்னணியிலே குரல்கள் அந்தக் காலத்துப் பாணியில் இழைகின்றன. கேட்பவருக்கு உதட்டிலே ஒரு சிரிப்பு வருகிறது. பழைய பாட்டைக் கேலி செய்யப் போகிறார் என்று எதிர்பார்க்கிறோம். அவரும் அப்படியே தொடங்குகிறார். ஒரு ஸ்வரத்தை வேண்டுமென்றே வழுக்கவிடுகிறார். இன்னொன்றைச் செல்லம் கொஞ்சுவதுபோல இழுக்கிறார். திடீரென்று ஒரு கனைப்பு, ஒரு முனகல், ஒரு கெக்கலிப்பு.

ஆனால் நேரம் போகப் போகக் கேலி கரைந்துவிடுகிறது. தாளம் இறுகுகிறது, தளர்கிறது, சக்சஃபோன் உறுமுகிறது, ட்ரம்பெற் அழுகிறதா சிரிக்கிறதா என்று சொல்ல முடியாத ஓர் இடத்துக்கு வந்துவிடுகிறோம். நன்றாக இருக்கிறேன் என்று நடிப்பவனின் பாட்டு இது என்பது அப்போதுதான் உறைக்கிறது. கேலி என்று நாம் எண்ணியது அந்த மனிதனின் முகமூடி. அந்த முகமூடியைத்தான் போவி இவ்வளவு நேரமும் வாசித்துக் காட்டியிருக்கிறார். பாட்டின் பொருளைச் சொற்களே இல்லாமல், சொற்களைவிட ஆழமாகச் சொல்லிவிடுகிறார். இதனைக் கேலி என்று மட்டும் சொல்பவர்கள் ஐந்தாவது நிமிடத்தோடு கேட்பதை நிறுத்திவிட்டார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

நான்கு வகை நகை

இரண்டாவது உருப்படி இரண்டு நிமிடந்தான். 'ஹவுடி டூடி' என்பது 1947 முதல் 1960 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியிலே ஒளிபரப்பான பொம்மலாட்டச் சிறுவர் நிகழ்ச்சி. அதன் முகப்புப் பாட்டு அக்காலத்துச் சிறுவர்கள் யாவருக்கும் மனப்பாடம். அது தொடங்கியபோது போவிக்கு ஆறு வயது. சர்க்கஸ் கூடாரத்திலே கேட்பது போன்ற குதூகலத்தோடு அதை வாசித்து முடித்துவிடுகிறார்.

மூன்றாவது, கேற் ஸ்மித் என்ற புகழ்பெற்ற பாடகியின் வானொலி முகப்புப் பாட்டு. 1931 முதல் அவரை அடையாளப்படுத்திய பாட்டு அது. மலைக்குமேல் நிலவு வருகிறது என்பது அதன் தலைப்பு. போவி அந்தத் தலைப்பிலே ஓர் எழுத்து விளையாட்டைச் செய்கிறார்: இரண்டு எழுத்துகளை மாற்றுகிறார். ஆங்கிலத்தில் நிலவு என்று பொருள்படும் 'மூன்' என்ற சொல்லை 'டூம்' என்று மாற்றிவிடுகிறார். 'டூம்' என்றால் கேடு, அழிவு. நிலவு என்ற சொல்லையும் அடைப்புக்குறிக்குள் விட்டுவைக்கிறார். மலைக்குமேல் நிலவு வருகிறதா, அழிவு வருகிறதா?

இந்தக் கேற் ஸ்மித் அமெரிக்கத் தேசபக்தியின் குரலாகவே கொண்டாடப்பட்டவர். அதே பாடகி, கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொற்கள் கொண்ட பாட்டுகளையும் 1930களிலே பாடியிருந்தார் என்பது 2019இல் பெரும் சர்ச்சையாகியது. நியூயோர்க் யாங்கீஸ் பேஸ்போல் அணியும் பிலடெல்பியா ஃப்ளையர்ஸ் ஐஸ் ஹொக்கி அணியும் தமது போட்டிகளில் அவரது ஒலிப்பதிவைப் போடுவதை நிறுத்தின. பிலடெல்பியாவிலிருந்த அவரது சிலையும் அகற்றப்பட்டது. இந்தச் சர்ச்சைக்கு முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன்னர் போவி எதை மனதில் வைத்துத் தலைப்பை மாற்றினார் என்று நான் ஊகிக்கப் போவதில்லை. ஆனால் இன்று அந்த எழுத்து மாற்றத்தைக் காணும்போது சிரிப்பு வருவதற்கு முன்னர் ஒரு கணம் தயங்குகிறோம்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், நகை பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல் ஒன்றுதான் பிறரைக் கேலி செய்வது. மற்றவை அப்படிப்பட்டவை அல்ல. போவியின் நகைச்சுவையைப் புரிந்துகொள்ள இந்தப் பாகுபாடு எனக்கு உதவியது. கேற் ஸ்மித்தின் பாட்டிலே இருப்பது எள்ளல். பொம்மலாட்டப் பாட்டிலே இருப்பது இளமை. தலைப்புப் பாட்டிலே காதலித்து ஏமாந்தவனின் பேதைமை. எல்லாவற்றையும் பகிடி என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுவதால்தான் பலர் அவரைக் கோமாளி என்று ஒதுக்கிவிட்டார்கள்.

மறுபக்கம்

தட்டைத் திருப்பிப் போட்டால் முற்றிலும் வேறொரு உலகம். 'றியோஸ் நீக்ரோஸ்' லத்தீன் அமெரிக்க நடனத் தாளத்திலே உற்சாகமாகப் போகிறது. இங்கே கேலி இல்லை. நன்றாக ஆடக்கூடிய இசை. ஒலி பிசிறில்லாமல் நிமிர்ந்து நிற்கிறது. இந்த மனிதருக்கு நேராக வாசிக்கத் தெரியாது, அதனால்தான் கோணல் ஒலிகளை எழுப்புகிறார் என்று சந்தேகப்பட்டவர்களுக்கு இது போதிய பதில். அடுத்து வரும் 'ரோஸ் டிரொப்' மெதுவானது, மென்மையானது. பேசாமல் விட்ட இடங்களே அதிகம் பேசுகின்றன.

ஈற்றிலே வருவது 'பேய் எப்படிப் பாடுகிறது' என்ற பொருள்படும் தலைப்புக் கொண்டது. ஒழுங்கான தாளம் இல்லை. பற்றிக்கொள்ள ஒரு மெட்டும் இல்லை. எதிரொலிகளுக்கு நடுவே ட்ரம்பெற் தூரத்திலிருந்து அழைப்பதுபோல் கேட்கிறது. ஈ.சி.எம். நிறுவனத்தின் ஒலிப்பதிவுகள் துல்லியத்துக்கும் விசாலமான மௌனத்துக்கும் பெயர்பெற்றவை. அந்தப் பாணி போவி போன்ற அட்டகாசமான கலைஞருக்குப் பொருந்துமா என்ற ஐயம் எழலாம். இந்த உருப்படியிலே அது அற்புதமாகப் பொருந்துகிறது. குதூகலத்திலே தொடங்கிய தட்டு ஆவியின் குரலோடு முடிகிறது. ஒன்றோடொன்று ஒட்டாத ஆறு துண்டுகளாக இருந்தால் இந்த முடிவு எங்களைப் பாதித்திராது.

வாத்தியத்தின் இரகசியம்

பல நடைகளையும் ஒன்றாக இணைப்பது எது? அந்த ட்ரம்பெற்றின் குரல்தான். அந்தக் குரல் எப்படி உண்டாகிறது என்பதைச் சிறிது விளக்குகிறேன்.

ட்ரம்பெற் என்பது ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் நீளமான குழாயைச் சுருட்டி வைத்த வாத்தியம். வாசிப்பவரின் உதடுகள் அதிர்வதால் ஒலி பிறக்கிறது. குழாயின் மேலே மூன்று வால்வுகள். ஒவ்வொன்றையும் அழுத்தும்போது கூடுதலாக ஒரு துண்டுக் குழாய் திறந்து, காற்றின் பாதை நீள்கிறது, ஸ்வரம் தாழ்கிறது. மூன்று வால்வுகளை வைத்துக்கொண்டு ஏழு வெவ்வேறு நீளங்களைப் பெறலாம். மிகுதியெல்லாம் உதட்டின் இறுக்கத்திலும் மூச்சிலும் இருக்கிறது.

வால்வை முழுவதும் அழுத்தவேண்டும் அல்லது முழுவதும் விடவேண்டும் என்று பாடசாலையில் சொல்லித் தருவார்கள். போவி அரைவாசி அழுத்தி நிறுத்துவார். அப்போது காற்று இரண்டு பாதைக்கும் நடுவே அகப்பட்டு நெரிபடும். ஸ்வரம் தெளிவை இழந்து மனிதத் தொண்டையின் சாயலைப் பெறும். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் படியேறாமல் வழுக்கிச் செல்லவும் முடியும். இதனோடு தொண்டையால் உறுமுவது, மூச்சை மட்டும் ஊதுவது, வாத்தியத்தின் வாயை மூடித் திறப்பது போன்ற உத்திகளையும் சேர்த்துக்கொள்வார். பேச்சு, சிரிப்பு, முணுமுணுப்பு எல்லாம் வாத்தியத்துக்குள் வந்துவிடும்.

இதனைக் கேட்டவர்கள் அதிநவீனம் என்றார்கள். உண்மையிலே இவை பழைய வித்தைகள். ட்யூக் எலிங்டனின் குழுவிலே 1920களில் பபர் மைலி உறுமும் ட்ரம்பெற்றை வாசித்தார். அதே குழுவின் றெக்ஸ் ஸ்டூவர்ட் 1938இலேயே அரைவால்வு உத்தியைக் கொண்டு ஒரு முழு உருப்படியை வாசித்து ஒலிப்பதிவு செய்தார். அவர்களுக்கும் முன்னர் நியூ ஓர்லீன்ஸ் நகரிலிருந்து வந்த கிங் ஒலிவர், வாத்தியத்தின் வாயை மூடித் திறந்து அதைப் பேசவைத்தார். நாற்பதுகளிலே பீபொப் என்ற வேகமான ஜாஸ் வந்தபோது, ஸ்வரங்களின் துல்லியமும் விரைவும் முக்கியமாகிவிட்டன. பழைய பேசும் ட்ரம்பெற் பின்னுக்குத் தள்ளப்பட்டது. அதை மீட்டுக் கொண்டுவந்தவர் போவி. அதிநவீனம் என்று பலர் பயந்த இடத்திலே அவர் தாத்தாக்களின் மொழியைப் பேசிக்கொண்டிருந்தார்.

மரபு பற்றிய சண்டை

இந்த இடத்திலேதான் விவாதம் எழுகிறது. இந்தத் தட்டு ஒலிப்பதிவான அடுத்த வருடம், 1982இல், விண்டன் மார்சாலிஸ் என்ற இளைஞரின் முதலாவது இசைத்தட்டு வெளிவந்தது. நியூ ஓர்லீன்ஸிலே 1961இல் பிறந்தவர். அபாரமான தேர்ச்சியுள்ளவர். 1984இல் ஜாஸுக்கும் மேற்கத்திய சாஸ்திரீய இசைக்கும் ஒரே ஆண்டிலே கிராமி விருதுகளைப் பெற்றார். அப்படிப் பெற்ற முதலாவது கலைஞர் அவர்தான். ஜாஸ் ஒரு சாஸ்திரீயக் கலை; புளூஸும் 'ஸ்விங்' என்ற தாள ஓட்டமும் அதன் உயிர்; அவற்றைக் கைவிட்டது ஜாஸ் ஆகாது என்பது அவரது வாதம். அதனால் பரீட்சார்த்த ஜாஸும் றொக் கலந்த ஜாஸும் அவரது கண்டனத்துக்குள்ளாகின.

போவி இதனை நேரடியாக எதிர்த்தார். முன்னோர் செய்ததைத் திரும்பச் செய்வது மரபைப் பேணுவதாகாது. முன்னோர் ஒவ்வொருவரும் தம் காலத்திலே புதிதாக ஒன்றைச் செய்தார்கள். அந்தத் துணிவுதான் மரபு என்பது அவரது வாதத்தின் சாரம். ஆம்ஸ்ட்ரோங் தம் காலத்துச் ஜனரஞ்சகப் பாட்டுகளை எடுத்து வாசித்தார். அப்படியானால் நான் எனது காலத்துப் பாட்டுகளை வாசிப்பதிலே என்ன பிழை என்று கேட்டார். ஆம்ஸ்ட்ரோங்கின் 'ஹலோ டொலி' 1964இலே பீட்டில்ஸ் குழுவையே முதலிடத்திலிருந்து இறக்கியது. அதே பாட்டைப் போவி 1974இல் பியானோக் கலைஞர் ஜோன் ஹிக்ஸோடு சேர்ந்து வாசித்துப் பதிவு செய்திருக்கிறார் என்பதும் குறிப்பிடத்தக்கது.

மார்சாலிஸுக்கும் நாம் நியாயம் செய்யவேண்டும். கறுப்பினக் கலைஞர்களின் இசை களியாட்ட விடுதிப் பொழுதுபோக்காகவே கருதப்பட்ட நாட்டிலே, அதனைப் பெரிய கலை மண்டபங்களுக்குள் கொண்டுபோய் அதற்கு நிரந்தரமான இடமும் மதிப்பும் தேடிக் கொடுத்தவர் அவர். நியூயோர்க் லிங்கன் சென்டரிலே ஜாஸ் நிலைபெற்றதற்கு அவரே முக்கிய காரணர். 1997இல் புலிட்சர் பரிசு முதன்முதலாக ஒரு ஜாஸ் ஆக்கத்துக்குக் கிடைத்ததும் அவருக்குத்தான். அவமதிக்கப்பட்ட ஒரு கலைக்குக் கண்ணியம் தேடியவர் அவர். சிரிப்பு அந்தக் கண்ணியத்தைக் குலைத்துவிடும் என்ற அவரது பயத்திலே அர்த்தம் உண்டு.

ஆயினும் இந்த இசைத்தட்டைப் பல தடவை கேட்ட பிறகு, எனது சார்பு போவியின் பக்கமே நிற்கிறது. கண்ணியம் என்பதற்காக ஒரு குடும்பத்தின் பாதிப்பேரை வாசலுக்கு வெளியே நிறுத்த முடியாது. மேடை ஏறிய பாட்டி ஒருத்தி, நடனக் கொட்டகையிலே பாடிய மாமி ஒருத்தி, தொலைக்காட்சி பார்த்துச் சிரித்த பிள்ளை ஒன்று, எல்லாரும் வீட்டுக்குள் இருந்தால்தான் அது வீடு. போவி யாரையும் வெளியே விடவில்லை. மேலும், சிரிக்கத் தெரிந்தவனிடம் துயரம் இல்லை என்று எண்ணுவது புளூஸை அறியாதவர்கள் பேசும் பேச்சு. புளூஸ் பிறந்ததே அந்த இரண்டுக்கும் நடுவிலேதான்.

பின்வந்த காலம்

இதற்குப் பிறகு போவி தம் வழியிலே மேலும் தூரம் போனார். 1982இல் பதிவான 'ஓல் த மேஜிக்' என்பது இரண்டு தட்டுகளைக் கொண்டது. அவற்றில் ஒன்றிலே ட்ரம்பெற்றோடு அவர் தனியாகவே நிற்கிறார். பின்னர் 'பிராஸ் ஃபன்டஸி' என்ற பெயரில் ஊதுவாத்தியங்களை மையமாகக் கொண்ட ஒரு குழுவை அமைத்து, ஜனரஞ்சகப் பாட்டுகளை வாசித்தார். அக்குழுவின் கடைசிக் காலத்து ஒலிப்பதிவொன்றிலே புச்சீனியின் இசைநாடகப் பாட்டும் ஸ்பைஸ் கேர்ள்ஸ் குழுவின் பாட்டும் ஒரே தட்டிலே இடம்பெறுகின்றன. 1993இல் டேவிட் போவி என்ற றொக் பாடகரின் இசைத்தட்டிலும் வாசித்தார். பெயர் ஒன்றாயினும் இருவரும் உறவினர்கள் அல்லர்.

லெஸ்டர் போவி 1999ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் திகதி ஈரல் புற்றுநோயால் காலமானார். வயது ஐம்பத்தெட்டு. இந்தத் தட்டிலே அவரோடு வாசித்த ஃபிலிப் வில்சன் 1992இலேயே நியூயோர்க்கில் கொலையுண்டார். டேவிட் பீஸ்டனும் ஃபொன்டெல்லா பாஸும் 2012இலும், ஹமியெட் புளூயெட் 2018இலும் மறைந்தார்கள். பேய் பாடும் அந்த ஈற்று உருப்படியை இன்று கேட்கும்போது இந்தப் பெயர்களும் நினைவுக்கு வருகின்றன.

ஜாஸ் கேட்டுப் பழக்கமில்லாத நேயர்களுக்கு ஒரு யோசனை. முதலில் பிளாட்டர்ஸ் பாடிய மூலப் பாட்டை ஒருமுறை கேளுங்கள். அடுத்ததாகப் போவியின் பதினாறு நிமிடங்களையும் இடையில் நிறுத்தாமல் கேளுங்கள். எந்த இடத்திலே உங்கள் சிரிப்பு நின்றது என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொருவருக்கும் அந்த இடம் வேறுபடும். பல நடைகளிலே ஆற்றுகை செய்யும் ஒரு கலைஞனின் சொந்தக் குரல் எது என்று தொடக்கத்திலே கேட்டோம். எந்த நடையை எடுத்தாலும், எந்தப் பாசாங்கை அணிந்தாலும் மறைக்க முடியாமல் மிஞ்சி நிற்பது எதுவோ, அதுவே அவனது குரல்.